கரை சேர்ந்தவர் காணிக்கை (கடலோரத் திருச்சபைகள் – 11)

கடவுளின் பராமரிப்புக்கு நன்றி செலுத்துவது கிறிஸ்தவர்களுக்கு அன்றாடக் கடமை. சோற்றில் கை வைக்கும் முன் ஒரு சிறு செபம், இரவில் குடும்ப செபம், பிறந்தநாள் வந்தால் கோயிலுக்கு ஒரு காணிக்கை, ஆண்டு முடிந்தால் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை என்று அது வருடம் முழுதும் பரவிக் கிடக்கிறது. காவிரிக் கழிமுகக் கரையில், வடக்கே தரங்கம்பாடி முதல் தெற்கே வேளாங்கண்ணி வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டருக்குள், இந்த நன்றிக்குக் கண்ணால் பார்க்கவும் கையால் தொடவும் கூடிய ஓர் உருவம் உண்டு. மெழுகுவர்த்தி, சேவல், பூசணிக்காய், வெள்ளித் தகடு, ஒரு பிடி அரிசி என்று அது பொருளாகவே வந்து பீடத்தின் முன் நிற்கிறது.

இந்தக் கரையின் நடுப்பகுதியில் காரைக்கால்மேடு இருக்கிறது. காரைக்கால் மாவட்டத்தின் 11 மீனவ கிராமங்களுக்குத் தலைமைக் கிராமம் அது. 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காரைக்கால், இடையிடையே ஆங்கிலேயர் பிடித்துக்கொண்ட காலங்கள் நீங்கலாக, 1954 நவம்பர் 1 வரை அவர்களிடமே இருந்தது. பிரெஞ்சு ஆட்சியோடு கத்தோலிக்கம் காரைக்கால் நகரத்தில் நிலைகொண்டது. மேட்டுக் குடும்பங்களில் பெரும்பாலானவை அம்மனைக் கும்பிடும், பட்டினவர் என்ற மீனவச் சமூகத்துக் குடும்பங்கள். ஆனாலும் இந்தக் கரையின் கிறிஸ்தவ நன்றியைப் புரிந்துகொள்ள மேட்டிலிருந்து தொடங்குவது பொருத்தம். கடலுக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கு, கிடைப்பது தன் உழைப்பின் கூலி மட்டும் அல்ல என்பதை யாரும் போதிக்க வேண்டியதில்லை. உழவன் விதைத்துவிட்டு அறுக்கிறான். மீனவன் விதைக்காததை அறுக்கிறான். ஒரே இடத்தில் வலை போட்ட இரண்டு படகுகளில் ஒன்று நிரம்பி வரும், மற்றொன்று டீசல் காசுக்கும் வழியில்லாமல் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து கடலுக்குப் போனால், நெடுந்தீவுப் பக்கம் இலங்கைக் கடற்படையிடம் சிக்காமல் திரும்புவதே ஒரு கொடை.

நற்செய்தி நூல்களின் மீன்பாடு நிகழ்ச்சிகள் இந்தப் பின்னணியில் வேறு கனத்தோடு ஒலிக்கின்றன. லூக்கா 5-ஆம் அதிகாரத்திலும் யோவான் 21-ஆம் அதிகாரத்திலும் கதை ஒரே மாதிரி தொடங்குகிறது: இரவு முழுக்க வலை வீசியும் ஒன்றும் அகப்படவில்லை. யோவான் அகப்பட்ட மீன்களை 153 என்று எண்ணியே சொல்கிறார். இந்த எண்ணுக்கு மறைபொருள் தேடி வேத விளக்கவுரையாளர்கள் நூற்றாண்டுக்கணக்கில் தலையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். மீன் ஏலம் நடக்கும் கரையில் நிற்பவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கரைக்கு வந்த மீனை எண்ணாமல் எப்படிப் பங்கு போடுவது?

சமயம் எதுவானாலும் இந்த வட்டாரத்தில் நன்றியின் பழைய வடிவம் நேர்ச்சை. காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவில், பிச்சாண்டவர் கோலத்தில் சிவன் வீதியுலா வரும்போது வேண்டுதல் பலித்தவர்கள் மாடியிலிருந்து மாம்பழங்களை வீசுகிறார்கள். நாகூர் தர்காவில் சந்தனம் பூசும் விழாவுக்கு எல்லாச் சமயத்தாரும் போகிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் காரைக்காலைக் கடந்து வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களிலும் எல்லாச் சமயத்தாரும் உண்டு. ஆகஸ்ட் 29-இல் கொடி ஏறி, செப்டம்பர் 8-இல் மரியாளின் பிறந்தநாளோடு வேளாங்கண்ணித் திருவிழா முடிகிறது.

வேளாங்கண்ணிக் கோயில் எழும்பியதே ஒரு நேர்ச்சையால்தான் என்கிறது ஒரு மரபு. 17-ஆம் நூற்றாண்டில் புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள், உயிரோடு கரை சேர்ந்தால் சேர்ந்த இடத்திலேயே மாதாவுக்குக் கோயில் எழுப்புவதாக வேண்டிக்கொண்டார்கள். கரை ஒதுங்கிய நாள் செப்டம்பர் 8. பின்னொரு பயணத்தில் அவர்கள் கொண்டுவந்த பீங்கான் தட்டுகள் பீடத்தில் பதிக்கப்பட்டன என்பதும் அதே மரபு. 1962-இல் திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் இந்தக் கோயிலைப் பேராலயமாக உயர்த்தினார். இன்று அங்குள்ள காணிக்கைப் பொருள்காட்சியகம் ஒரு வகையில் இந்தக் கரையின் பதிவேடு: கை, கால், கண் வடிவத் தகடுகள், தொட்டில்கள், வீட்டு மாதிரிகள், படகு மாதிரிகள், வேலை கிடைத்தவர்கள் வைத்த கடிதங்கள். மக்கள் எதற்குப் பயந்தார்கள், எதற்கு ஏங்கினார்கள் என்பதை இவ்வளவு நேராகச் சொல்லும் ஆவணம் அரசு அலுவலகங்களில்கூடக் கிடைக்காது.

நேர்ச்சையின் பலம் அதன் நினைவாற்றல். ஆபத்தில் சொன்ன சொல்லை ஆபத்து நீங்கியபின் மறந்துவிடாமல் காலில் கொப்புளத்தோடு நடந்து வந்து நிறைவேற்றுகிறவர், லூக்கா 17-இல் குணமான பத்துத் தொழுநோயாளிகளில் திரும்பி வந்த அந்த ஒருவரின் வரிசையில் நிற்கிறார். பலவீனமும் அதற்குள்ளேயே இருக்கிறது. கொடுத்தால் தருகிறேன் என்பது ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் கடவுள் ஒரு தரப்பாகிவிடுகிறார். வேண்டியது கிடைக்காதவர் தன் வேண்டுதலில் ஏதோ குறை இருந்தது என்று வாழ்நாள் முழுக்க நோகிறார். திருத்தலங்களில் மறையுரை ஆற்றும் குருக்கள் இதை அறிந்தவர்கள்தாம். நேர்ச்சையை ஒழிக்க அவர்கள் முயல்வதில்லை. அதைப் பாவசங்கீர்த்தனத்தோடும் திருப்பலியோடும் இணைத்துவிடப் பார்க்கிறார்கள். இது கெட்டிக்காரத்தனமான வழி என்றே சொல்ல வேண்டும்.

காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடியில் வேறொரு மரபு வந்து இறங்கியது. 1620 முதல் டேனிஷ்காரர்களின் துறைமுகமாக இருந்த அந்த ஊருக்கு 1706 ஜூலை 9-ஆம் தேதி லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்குவும் புளூட்சோவும் வந்தார்கள். புதிய ஏற்பாடு தமிழில் 1715-இல் அங்கே அச்சாகி முடிந்தது; புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கிருபை இலவசம், அதை எதைக் கொடுத்தும் வாங்க முடியாது என்பது லுத்தரின் போதனை. அதனால் பொருத்தனை, நேர்ச்சை என்றாலே லுத்தரன் சபையாருக்கு உள்ளூர ஒரு சந்தேகம். ஆனால் கையில் ஒன்றும் இல்லாமல் நன்றி சொல்வது தமிழர்களுக்குக் கூச்சமான காரியம். நேர்ச்சை போன இடத்தில் அறுப்பின் பண்டிகை வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்தப் பண்டிகையை மோசேயின் சட்டத்தில் உள்ள முதற்பலன் படைப்போடு இணைத்துப் பேசுவார்கள். தமிழ்ச் சபைகளில் அதன் உண்மையான உயிர் ஆராதனை முடிந்தபின் நடக்கும் ஏலத்தில் இருக்கிறது. நெல் மூட்டை, வாழைத்தார், தென்னம்பிள்ளை, ஆட்டுக்குட்டி, வீட்டில் சுட்ட அதிரசம் எல்லாம் வரிசையாக வரும். ஒரு முட்டையை ஒருவர் நூறு ரூபாய்க்குக் கேட்பார். எடுத்த முட்டையை மறுபடி ஏலத்துக்கே விட்டுவிடுவார். அடுத்தவர் இருநூறுக்குக் கேட்பார். பண்டத்தின் விலை அங்கே ஒரு பொருட்டல்ல. கொண்டுவந்த ஏழை வீட்டுக்காரர் முகம் மலர்வதற்கும், பணமுள்ளவர் அதிகம் கொடுப்பதற்கும் ஒரு முட்டையே சாக்காகிறது.

இந்த ஏற்பாட்டிலும் ஒரு கறை உண்டு. இன்னார் குடும்பம் ஸ்தோத்திரக் காணிக்கை இத்தனை ரூபாய் என்று ஒலிபெருக்கியில் வாசிக்கும் வழக்கம் நன்றியைப் பட்டியலாக்கிவிடுகிறது. லூக்கா 18-இல் கோயிலுக்குப் போன பரிசேயன் செய்ததும் நன்றி செபம்தான். மற்றவர்களைப் போலத் தான் இல்லை என்பதற்காக அவன் நன்றி சொன்னான். வேதத்தில் நன்றிக்காகவே ஒருவன் கண்டிக்கப்படும் இடம் அது. பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்ததைச் சாட்சியாகச் சொல்லி அமர்கிறவருக்குப் பக்கத்திலேயே வேலை போன ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதைச் சபைகள் அடிக்கடி மறக்கின்றன.

பிடி அரிசிக்கு இந்தக் கறை இல்லை. உலை வைக்கும்போது எடுத்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை வேறொரு பாத்திரத்தில் போட்டுவைப்பது தமிழ்க் கிறிஸ்தவப் பெண்களின் பழைய பழக்கம். சேர்ந்ததைச் சபைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அது ஊழியத்துக்கோ இல்லாதவர் வீட்டு அடுப்புக்கோ போய்ச் சேரும். யார் வீட்டுப் பிடி எவ்வளவு என்று யாரும் வாசிப்பதில்லை, வாசிக்கவும் முடியாது. உண்ட பிறகு மிச்சத்தைக் கொடுப்பதல்ல இது. உலை கொதிக்கும் முன்பே எடுத்து வைப்பது. வயலின் ஓரங்களை ஏழைக்கென்று அறுக்காமல் விடச் சொன்ன லேவியராகமக் கட்டளைக்கு இதைவிட நெருக்கமான தமிழ் வடிவம் இல்லை.

நன்றியையும் பசியையும் ஒன்றாக வைத்துப் பார்த்த பெரிய ஆளுமை ஒருவர் இந்த வட்டாரத்திலேயே இருந்தார். திருச்சிப் பக்கம் குளத்தூரில் 1826-இல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை, தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் மாயூரத்திலும் முன்சீபாக இருந்தவர். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதியவர் என்றே பலரும் அவரை அறிவார்கள். 1878-இல் வெளிவந்த அவருடைய ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ எந்தச் சமயத்தாரும் பாடக்கூடிய வகையில் கடவுளை விளித்து நன்றி கூறுகிறது. நூல் வந்த காலம் தாது வருஷப் பஞ்சத்தின் காலம். பஞ்சத்தில் அவர் கஞ்சித்தொட்டி வைத்து, தன் பொருளை வாரிக் கொடுத்தார்; அதைக் கண்ட இசைக் கவிஞர் கோபாலகிருஷ்ண பாரதியார், மனிதரைப் பாடாத வழக்கத்தை விட்டு, அவரைப் புகழ்ந்து பாடினார். கடவுளின் கொடைகளை எண்ணிப் பாடிய அதே வேதநாயகம் பிள்ளை, மழை பொய்த்து மக்கள் மடியும்போது ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று அதே கடவுளிடம் முறையிடும் பாடல்களும் பாடினார். நன்றி சொன்ன வாய் முறையிடக் கூடாது என்று அவர் கருதவில்லை. சங்கீதப் புத்தகமும் அப்படிக் கருதவில்லை; அதில் புலம்பல்களுக்குத்தான் இடம் அதிகம்.

துயரத்தின் நடுவிலும் நன்றி சொல்வதற்குச் சீகன்பால்கு பிறந்த சாக்சனிப் பகுதியிலேயே முன்னோடி உண்டு. எய்லன்பர்க் நகரத்து லுத்தரன் போதகர் மார்ட்டின் ரிங்கார்ட், முப்பதாண்டுப் போருக்கு நடுவில், 1636-ஐ ஒட்டி ஒரு நன்றிப் பாடல் எழுதினார். பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் சொல்வதற்கான சிறு செபமாகவே அது பிறந்தது. 1637-இல் கொள்ளைநோய் வந்தபோது அந்த ஒரே ஆண்டில் 4,000-க்கும் மேற்பட்டவர்களை அவர் அடக்கம் செய்தார். அவர்களில் ஒருவர் அவருடைய மனைவி. இன்று உலகெங்கும் அறுப்பின் பண்டிகைகளிலும் திருமணங்களிலும் முழங்கும் அந்தப் பாடலைக் கேட்பவர்களுக்கு இந்தப் பின்னணி தெரிவதில்லை.

காரைக்கால் கரைக்கு அப்படி ஒரு ஆண்டு 2004. டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சுனாமி வந்தது. காரைக்கால்மேடு கடுமையாகத் தாக்கப்பட்ட ஊர்களில் ஒன்று, தரங்கம்பாடியும் தப்பவில்லை. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேளாங்கண்ணியில் கடற்கரையிலும் கடைவீதியிலும் யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். பேராலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை என்பது பெரிதாகப் பேசப்பட்டது.

அந்தப் பேச்சில்தான் நன்றி இடறுகிறது. உள்ளே இருந்தவரைக் கடவுள் காத்தார் என்றால், மொட்டை போட்டுவிட்டுக் கடலில் குளிக்கப் போனவரை யார் கைவிட்டது? உயிர் தப்பியவர் நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. தப்பியதற்குக் காரணம் சொல்லத் தொடங்கினால் அது இறந்தவர் மேல் தீர்ப்பாகிவிடுகிறது. லூக்கா 13-இல் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றிப் பேசும் இயேசு, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்ற கணக்கை வெளிப்படையாக மறுக்கிறார். ஏன் அவர்கள் என்ற கேள்விக்கு வேறு விடையும் அவர் தரவில்லை. சுனாமிக்குப் பிறகு பாவத்தின் சம்பளம் என்று பிரசங்கித்தவர்கள் இந்த அதிகாரத்தைத் தாண்டிப் போனவர்கள்.

திருச்சபையின் ஆண்டு ஒழுங்கில் துக்கத்துக்கும் நன்றிக்கும் இடம் உண்டு. ஒவ்வொரு டிசம்பர் 26 அன்றும் கரை ஊர்களில் கடலில் பால் ஊற்றி, பூத்தூவி அஞ்சலி செலுத்துகிறார்கள்; வேளாங்கண்ணியில் இறந்தவர்களுக்காக வேண்டுகிறார்கள். ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 31 இரவில், அதே மக்கள் கடந்துபோன ஆண்டுக்காக ஸ்தோத்திர ஆராதனைக்கும் நன்றித் திருப்பலிக்கும் வருகிறார்கள். முதல் நாளின் துக்கம் தீர்ந்த பிறகே இரண்டாவது நாளுக்கு வர வேண்டும் என்று எந்த வழிபாட்டு முறையும் கேட்பதில்லை.