இரண்டு மில்லிமீட்டர் கற்றுத் தந்த பாடம்

தொழிற்பயிற்சிக்காக மூவாரில் உள்ள ஓர் அறைகலன் பட்டறையில் சேர்ந்து இரண்டாவது வாரம். அலமாரிக் கதவுகளுக்கான வெள்ளை மெலமின் பலகையை மேசை ரம்பத்தில் அறுக்கும் வேலை முதன்முறையாக என்னிடம் வந்தது. அளவு ஒரு மில்லிமீட்டர்கூட பிசகவில்லை. பெருமையோடு பலகையைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில், அறுத்த கோடு நெடுக, எலி கடித்ததைப் போல் வெள்ளைப் பூச்சு பெயர்ந்திருந்தது. நான்கு கதவுகளும் வீண்.

தவுக்கே திட்டவில்லை. நான்கையும் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட தேவலாம் என்றிருந்தது. கணக்கு வராததால்தான் நான் தொழிற்கல்விக்கே வந்தேன். இதுவும் வராவிட்டால் வீட்டில் என்ன சொல்வது?

அங்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்யும் மூத்த தச்சர் ஒருவர் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் ‘அண்ணன்’. தேநீர் இடைவேளையில் என்னை இயந்திரத்தருகே அழைத்துப் போனார். “தம்பி, உன் கை தப்புப் பண்ணல. பல்லு எந்தப் பக்கமா வெளிய போகுதுன்னு பாத்தியா?” என்று கேட்டார். நான் பார்த்ததே இல்லை.

மெலமின் பலகையின் உள்ளே இருப்பது மரத்துகள்களைப் பசையிட்டு அழுத்திய துகள்பலகை. அதன் இரு பக்கங்களிலும் மெலமின் பிசினில் ஊறிய மெல்லிய தாளை வைத்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒட்டுகிறார்கள். உணவுக் கடைகளில் நாம் சாப்பிடும் மெலமின் தட்டுகளும் இதே வகைப் பிசினால் ஆனவைதான். கீறல் எளிதில் விழாது. ஆனால் வளைந்தும் கொடுக்காது. மோதினால் சில்லுச் சில்லாகப் பெயரும்.

மேசை ரம்பத்தின் பிளேடு, நிற்பவரை நோக்கிச் சுழல்கிறது. பற்கள் பலகையின் மேல்பக்கத்தில் நுழைந்து, அடிப்பக்கம் வழியாக வெளியேறுகின்றன. நுழையும் இடத்தில் பூச்சுக்குக் கீழே துகள்பலகை முட்டுக் கொடுக்கிறது. வெளியேறும் இடத்திலோ பூச்சைத் தாங்க எதுவும் இல்லை. அதனால்தான் என் கதவுகள் மேலே பளிச்சென்றும் கீழே பொக்கையாகவும் இருந்தன. ஒரு பக்கம் மட்டும் வெளியே தெரியும் வேலை என்றால், நல்ல பக்கத்தை மேலே வைத்து அறுத்தால் போதும். கதவுக்கு இரு பக்கமும் தெரியுமே!

“பிளேடைக் கீழே இறக்கு. மேசைக்கு மேலே 2 மில்லிமீட்டர்தான் தெரியணும்” என்றார் அண்ணன். பலகையை ஒருமுறை தள்ளினேன். அடியில் மெல்லிய காடி மட்டும் விழுந்தது. இயந்திரத்தை நிறுத்தி, நேர்ச்சட்டத்தை இம்மியும் நகர்த்தாமல், பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றி மறுபடியும் தள்ளினேன். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கமும் கத்தியால் வெட்டியதுபோல் சுத்தமாக இருந்தது.

ஏன் இப்படி? அன்றிரவு அறையில் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். பிளேடின் விட்டம் 254 மில்லிமீட்டர், ஆரம் 127. மேசைக்கு மேலே தெரியும் உயரத்தை ஆரத்திலிருந்து கழித்து, வந்ததை 127ஆல் வகுத்தால், பல் வெளியேறும் கோணத்தின் கோசைன் கிடைக்கும். 18 மில்லிமீட்டர் பலகையை அறுக்க நான் பிளேடை 25 மில்லிமீட்டர் உயர்த்தியிருந்தேன். 102ஐ 127ஆல் வகுத்தால் சுமார் 0.80, கோணம் ஏறக்குறைய 37 பாகை. பல் பூச்சைக் கீழ்நோக்கிக் குத்தித் தள்ளியிருக்கிறது. உயரம் 2 மில்லிமீட்டர் என்றால் கோணம் 10 பாகைதான். பல் பூச்சைக் குத்தாமல் கிட்டத்தட்ட படுத்தவாக்கில் சீவிக்கொண்டு போகிறது. அடுத்து வரும் முழு அறுப்பில் பற்கள் அந்தக் காடிக்குள் வெளியேறுவதால், பெயர்வதற்கு அங்கே பூச்சே இல்லை. மூன்றாம் படிவத்தில் நான் வெறுத்த அதே கோசைன்!

பெரிய ஆலைகளின் பலகை ரம்பங்களில் இந்த முதல் கீறலைப் போடுவதற்கென்றே, எதிர்த்திசையில் சுழலும் சிறிய பிளேடு ஒன்று முன்னால் இருக்கும். அது இல்லாத பட்டறைகளில் இருமுறை அறுப்பதுதான் வழி. கூடவே இன்னும் சில உண்டு. நான் பயன்படுத்தியது 40 பல் பிளேடு. மெலமினுக்கு 80 பல் பிளேடு நல்லது, அதுவும் கூராக இருக்க வேண்டும். பிளேடைச் சுற்றியுள்ள அகன்ற துவாரத்தை, பிளேடின் கனத்துக்கு மட்டும் வழிவிடும் தகட்டால் மூடினால், வெளியேறும் இடத்தில் பூச்சுக்கு முட்டுக் கிடைக்கும். பலகையை நிறுத்தி நிறுத்தித் தள்ளாமல் ஒரே சீராகத் தள்ள வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். ரம்பம் மன்னிக்காத இயந்திரம். பலகை பின்னோக்கி எகிறாமல் தடுக்க, பிளேடுக்குப் பின்னால் பிளவுத் தகடு இருக்க வேண்டும். விரலுக்குப் பதில் தள்ளுகோல், கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகக்கவசம் வேண்டும். கையுறையோ தொங்கும் சட்டைக் கையோ கூடாது. பிளேடு மாற்றுமுன் மின் இணைப்பைக் கழற்றுங்கள். பயிற்றுநர் அருகில் இல்லாமல் இயந்திரத்தைத் தொடாதீர்கள்.

வீணான நான்கு கதவுகளையும் அண்ணன் சிறிது குறுக்கி, அலமாரியின் உள்தட்டுகளாக மாற்றினார். புதிய கதவுகளை அறுக்கும் வேலையைத் தவுக்கே மறுபடியும் என்னிடமே கொடுத்தார். அறுத்து முடித்ததும் ஒவ்வொன்றாகத் திருப்பி, ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். எங்கும் இடறவில்லை. ஒன்றும் பேசாமல் அடுத்த பலகையை எடுத்து என் முன்னால் வைத்தார்.