நட்சத்திரப் பழம்: யாருக்கு நல்லது, யாருக்கு ஆகாது?

செயின்ட்-மிஷேலில் நாம் மரக்கறி வாங்கும் கடைகளில் சில வேளைகளில் மஞ்சள் நிறத்தில் ஐந்து விளிம்புள்ள ஒரு பழத்தைக் காண்கிறோம். குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் போல் இருக்கும். தமிழில் தமரத்தை என்பர், சிங்களத்தில் காமரங்கா. இங்கே பெயர்ப்பலகையில் 'கரம்போல்' என்று எழுதியிருப்பார்கள்.

சத்துக்களைப் பார்த்தால் இது நல்ல பழம்தான். 100 கிராமில் சுமார் 31 கலோரியும் 4 கிராம் சீனியும் மட்டுமே உண்டு. நார்ச்சத்து ஏறத்தாழ 3 கிராம், விற்றமின் சி சுமார் 34 மில்லிகிராம். சீனி குறைவு என்பதால் நீரிழிவுக்கு நல்லது என்று எம்மவர் பலர் எண்ணுகின்றனர். ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

இப்பழத்தில் ஒக்சலேற் என்னும் பொருள் அதிகம். அத்துடன் நரம்புகளைத் தாக்கும் 'கரம்பொக்சின்' என்ற நச்சுப் பொருளும் உண்டு. இதனை பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் 2013இல் அடையாளம் கண்டனர். ஆரோக்கியமான சிறுநீரகம் இவற்றை வெளியேற்றிவிடும். பழுதடைந்த சிறுநீரகத்தால் அது முடியாது. நச்சு இரத்தத்தில் தங்கி மூளையைப் பாதிக்கும். சிறுநீரக நோயாளருக்கு அரைப் பழமே ஆபத்தாகலாம். உயிரிழப்புகளும் நேர்ந்துள்ளன.

நீரிழிவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? கனடாவில் சிறுநீரகம் செயலிழப்பதற்கு முதன்மையான காரணமே நீரிழிவுதான். ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் தெரியாது. நோய் இருப்பதை அறியாமலே பலர் இப்பழத்தை உண்ணக்கூடும்.

சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களும் சாறாகப் பிழிந்து, அதுவும் வெறும் வயிற்றில், அதிகம் குடிப்பது நல்லதல்ல. இதே இனத்தைச் சேர்ந்த பிலிம்பிக்காயின் (இரும்பன்புளி) சாற்றைக் குடித்து 10 பேரின் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டதை கேரள மருத்துவர்கள் 2013இல் வெளியிட்டனர். நட்சத்திரப் பழத்தால் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி இலங்கை மருத்துவர்களும் எழுதியுள்ளனர்.

நாம் செய்ய வேண்டியவை:

• சிறுநீரக நோய் உள்ளவர்கள் இப்பழத்தை முற்றாகத் தவிர்க்க வேண்டும்.

• நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முதலில் கிரியேற்றினின் இரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்து, தமது மருத்துவரைக் கேட்க வேண்டும்.

• மற்றவர்கள் உணவின் பின் சில துண்டுகள் உண்ணலாம். சாறாகக் குடிக்க வேண்டாம்.

• உண்டபின் நிற்காத விக்கல், வாந்தி, தடுமாற்றமான பேச்சு, வலிப்பு ஏற்பட்டால் 911ஐ அழையுங்கள். என்ன பழம் உண்டார் என்பதையும் மறவாமல் சொல்லுங்கள். உடனே இரத்தச் சுத்திகரிப்புச் செய்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம்.

சிறு சந்தேகங்களுக்கு 811 இலக்கத்தில் தாதியரிடம் கேட்கலாம். வீட்டில் உள்ள முதியவர்களுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.