காத்திருப்பைக் கணக்குப் போடும் படிப்பு

பிளஸ் டூ முடிச்சாச்சு! – 9

போன வாரம் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங்கைப் பார்த்தோம். அந்தத் துறைக்காரர் ஒரு தொழிற்கூடத்துக்குள் நுழைந்தால் அவர் கண் முதலில் லேத்தின் மேல்தான் விழும். என்ன வேகத்தில் சுழல்கிறது, எவ்வளவு ஆழத்துக்குச் சீவுகிறது என்று பார்ப்பார். இந்த வாரம் நாம் பேசப்போகும் இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங்காரரின் கண் லேத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தட்டுக்குப் போகும். பாதி வேலை முடிந்த உதிரிபாகங்கள் அதில் குவிந்து கிடக்கும். இவை எப்போதிலிருந்து கிடக்கின்றன? முந்தைய மெஷின் அவசரப்பட்டதாலா, இந்த மெஷின் பின்தங்கியதாலா? பல தொழிற்கூடங்களில் ஒரு பொருள் மெஷினில் இருக்கும் நேரத்தைவிட, தன் முறைக்காகக் காத்துக் கிடக்கும் நேரம்தான் அதிகம். அந்தக் காத்திருப்பை அளக்கவும் குறைக்கவும் கற்றுத் தருவதுதான் இந்த நான்கு வருடப் படிப்பு.

பாடத்திட்டத்தை மேலோட்டமாகப் புரட்டும் பெற்றோருக்கு இது ஒரு கதம்பமாகத் தெரியும். வெல்டிங் இருக்கிறது, புள்ளியியல் இருக்கிறது, காஸ்ட் அக்கவுன்டிங் இருக்கிறது, மனித உடலின் அளவுகள்கூட இருக்கின்றன. ‘எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம், எதுலயும் முழுசா இல்லையே’ என்று தோன்றும். அடுக்கப்பட்டிருக்கும் வரிசையைக் கவனித்தால் அந்தச் சந்தேகம் தீரும்.

ஏ.ஐ.சி.டி.இ. 2018-ல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம், பொறியியல் பட்டத்துக்கு 160 கிரெடிட் என்று வைத்தது. வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு என்றால் ஒரு கிரெடிட். லேப் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. முதல் வருடம் எல்லாக் கிளைகளுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: கணிதம், இயற்பியல், வேதியியல், இன்ஜினீயரிங் கிராஃபிக்ஸ், புரோகிராமிங், ஒர்க்‌ஷாப். கிளையின் குணம் தெரியத் தொடங்குவது மூன்றாவது செமஸ்டரில்.

இரண்டாம் வருடத்தில் இரண்டு தண்டவாளங்கள் ஒன்றாக ஓடும். ஒன்றில் வார்ப்பு, வெல்டிங், மெஷினிங், உலோகங்களின் தன்மை. ஒரு பொருள் எப்படி உருவாகிறது என்று தெரியாதவரால் அது எங்கே தாமதமாகிறது என்று சொல்ல முடியாது. இன்னொன்றில் நிகழ்தகவும் புள்ளியியலும். மற்ற கிளைகளில் ஒரு செமஸ்டரோடு விடைபெறும் புள்ளியியல், இங்கே கடைசி வரை கூடவே வரும். காரணம் எளிது. ஒரே ஆள், ஒரே மெஷினில், ஒரே வேலையைச் செய்தாலும் இரண்டு தடவை ஒரே நேரம் ஆகாது. வரும் அளவும் துல்லியமாக ஒன்றாக இருக்காது. இந்த ஏற்ற இறக்கத்தில் எது இயல்பு, எது கோளாறு என்று பிரித்துக் காட்ட, வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டர் ஷூஹார்ட் 1924-ல் ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார். குவாலிட்டி கண்ட்ரோல் பாடம் இன்றும் அந்தக் கன்ட்ரோல் சார்ட்டில்தான் தொடங்குகிறது.

அடுத்து வருவது ஒர்க் ஸ்டடி. இந்தத் துறைக்கே உரிய லேப் இது. மாணவர்கள் ஒரு சீட்டுக்கட்டை நான்கு பேருக்குப் போடுவதுபோல் பிரித்துப் போட, இன்னொருவர் ஸ்டாப் வாட்ச் பிடிப்பார். 52 சீட்டுகளையும் 0.375 நிமிடத்தில் போட்டு முடித்தால் அந்த வேகத்துக்கு 100 மதிப்பெண். அரை நிமிடம் எடுத்துக்கொண்டால் 75. இப்படிக் கண்ணைப் பழக்கிக்கொண்ட பிறகுதான் நிஜத் தொழிலாளியின் வேகத்தை மதிப்பிடப் போக வேண்டும்.

இது எதற்கு என்று திருப்பூரில் கேட்டால் சொல்வார்கள். அங்கே பெரிய பின்னலாடைத் தொழிற்சாலைகளில் ‘ஐ.இ.’ என்று ஒரு தனிப் பிரிவே உண்டு. டி-ஷர்ட்டுக்குக் கை வைத்துத் தைக்கும் ஒரு தையல்காரரை எடுத்துக்கொள்வோம். ஒரு கைக்குச் சராசரியாக 0.40 நிமிடம் ஆகிறது. அவர் வேகத்துக்கு 90 மதிப்பெண் தருகிறோம் என்றால், அடிப்படை நேரம் 0.36 நிமிடம். தண்ணீர் குடிக்க, நூல் அறுந்தால் கோக்க, களைப்புக்கு என்று 15 சதவீதம் சேர்த்தால் 0.414. மணிக்கு சுமார் 145 கை. அந்த 15 சதவீதத்தைச் சேர்க்க மறந்தால் கணக்கு 166 ஆகிவிடும். தாளில் வித்தியாசம் 21தான். ஆனால், அந்தத் தையல்காரருக்கு அது நாள் முழுக்க எட்டவே முடியாத டார்கெட். லைன் சூப்பர்வைசருக்குத் தினமும் பொய்த்துப்போகும் திட்டம். 90 என்று போட்ட மதிப்பெண்ணும் மனிதர் கண்ணால் போட்டதுதான். ஆகவேதான் இந்தப் பாடத்தோடு எர்கோனாமிக்ஸும் தொழிலாளர் சட்டமும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. மனோதத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்ற லில்லியன் கில்பிரெத் 1935-ல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். வேலையை அளக்கும்போது வேலை செய்பவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் தந்த பாடம்.

மூன்றாம் வருடத்தில் முதுகெலும்பு, மாணவர்கள் ‘ஓ.ஆர்.’ என்று அழைக்கும் ஆபரேஷன்ஸ் ரிசர்ச். கையில் உள்ள மெஷின், ஆள், பணம் இவற்றுக்குள் அதிகபட்ச லாபத்துக்கு எதை எவ்வளவு தயாரிப்பது என்ற கேள்விக்கு, ஜார்ஜ் டான்ட்ஸிக் 1947-ல் கண்டுபிடித்த சிம்ப்ளெக்ஸ் முறையில் வழி தேடுவார்கள். அதே பாடத்தில் வரும் க்யூயிங் தியரிதான் இந்தப் படிப்பின் உயிர். கோபன்ஹேகன் டெலிபோன் நிறுவனத்தின் ஏ.கே.எர்லாங், அழைப்புகளின் நெரிசலை ஆராய்ந்து 1909-ல் எழுதிய கட்டுரையில் பிறந்தது அது. அமெரிக்காவின் பென்சில்வேனியா ஸ்டேட் கல்லூரியில் ஹியூகோ டீமர் தலைமையில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங் ஒரு பட்டப் படிப்பாக உருவெடுத்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான்.

ஒரு ஸ்கேன் சென்டரை வைத்து இதைப் பார்த்துவிடலாம். சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒருவர் வருகிறார். ஸ்கேன் எடுக்கச் சராசரியாக 8 நிமிடம். மெஷின் 20 சதவீத நேரம் சும்மா இருக்கும், ஆகவே கூட்டமே சேராது என்றுதான் நினைப்போம். ஆனால், ஆட்கள் வருவதும் ஸ்கேனுக்கு ஆகும் நேரமும் முன்பின்னாக மாறுகிறவை. பாடப்புத்தகத்தின் முதல் மாதிரிப்படி கணக்கிட்டால், ஒருவர் சராசரியாக 32 நிமிடம் வெளியே காத்திருக்க வேண்டும். 8 நிமிடம் 9 ஆனால்? காத்திருப்பு 81 நிமிடம்! ஒரே ஒரு நிமிடக் கூடுதல், 49 நிமிடத்தை இழுத்துக்கொண்டு வருகிறது. மாறாக, ஒவ்வொரு ஸ்கேனையும் சரியாக 8 நிமிடத்தில் முடிக்கும்படி ஒழுங்குபடுத்தினால், புது மெஷின் வாங்காமலேயே 32 என்பது 16 ஆகும். புள்ளியியலைச் சூத்திரமாக மட்டும் மனப்பாடம் செய்தவர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுவார். அரியர் விழுவதும் இங்கேதான்.

மற்ற பாடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சரக்கை எப்போது, எவ்வளவு வாங்கி வைப்பது என்பதற்கு இன்வென்டரி. மெஷின்களை எந்த வரிசையில் நிறுத்துவது என்பதற்கு பிளான்ட் லேஅவுட். செய்யும் மாற்றம் செலவுக்குக் கட்டுப்படியாகுமா என்று பார்க்க இன்ஜினீயரிங் எகனாமிக்ஸ். கையால் போட முடியாத அளவு சிக்கலான க்யூ கணக்குகளைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க சிமுலேஷன். இவை மூன்றாம் வருடக் கடைசியிலும் நான்காம் வருடத் தொடக்கத்திலும் பரவிக் கிடக்கும். எலெக்டிவ்களில் சப்ளை செயின், டேட்டா அனலிட்டிக்ஸ் போன்றவற்றுக்கு இன்று கிராக்கி அதிகம்.

எட்டாவது செமஸ்டரின் பிராஜெக்டில் எல்லாம் ஒன்றுசேர வேண்டும். ஒரு தொழிற்சாலையிலோ, கிடங்கிலோ, ஆஸ்பத்திரியிலோ நிஜமான ஒரு தாமதத்தைப் பிடித்து, அளந்து, காரணம் கண்டு, மாற்றத்தைச் சொல்லி, அதற்கு ஆகும் செலவையும் காட்ட வேண்டும். கடையில் காசு கொடுத்து வாங்கிய ரிப்போர்ட்டில் இது நடக்காது.

எங்கே படிக்கலாம்? 1794-ல் சர்வே பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரியில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங்குக்குத் தனித் துறை உண்டு. திருச்சி என்.ஐ.டி.யில் நெருங்கிய உறவான புரொடக்‌ஷன் இன்ஜினீயரிங் இருக்கிறது. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் இண்டஸ்ட்ரியல் அண்ட் சிஸ்டம்ஸ் என்ற பெயரில் நடக்கிறது. கேட் தேர்வில் ‘பி.ஐ.’ என்று தனித் தாளே உண்டு. மேற்படிப்புக்குப் பெயர்பெற்ற மும்பை நிட்டி 1963-ல் தொடங்கியது, 2023-ல் ஐ.ஐ.எம். மும்பையாக மாறிவிட்டது.

சேரும் முன் கல்லூரியின் பாடத்திட்டத்தை வாங்கி மூன்று விஷயங்களைப் பாருங்கள். புள்ளியியல் சார்ந்த தாள்கள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றனவா? ஒர்க் ஸ்டடிக்கும் சிமுலேஷனுக்கும் தனி லேப் உண்டா? கடைசி வருட பிராஜெக்ட் நிஜமான ஒரு நிறுவனத்தில் நடக்கிறதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்று பதில் வந்தால் தைரியமாகச் சேரலாம். முதல் கேள்விக்கே ‘இல்லை’ என்றால், பெயர்ப் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அங்கே கிடைப்பது மெக்கானிக்கலின் சுருக்கப் பதிப்புதான். அதற்கு மெக்கானிக்கலே மேல்.

(அடுத்த வாரம்: டெக்ஸ்டைல் டெக்னாலஜி)