4 கிகாஹெர்ட்ஸில் முட்டி நின்ற பந்தயம்: புராசசர் வேகம் ஏன் அதுக்கு மேல ஓடலை?

2000-ம் ஆண்டு வாக்கில் கம்ப்யூட்டர் வாங்கப் போனால் முதல் கேள்வியே 'எத்தனை கிகாஹெர்ட்ஸ்?' என்பதுதான். இப்போது அந்தக் கேள்வி பின்னால் போய்விட்டது. ஏன்?

கிகாஹெர்ட்ஸ்னா என்ன?

புராசசருக்குள் ஒரு துடிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் வேலை ஒரு படி நகரும். 1 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 100 கோடி துடிப்பு.

இரண்டே நாள் வித்தியாசம்

2000 மார்ச் 6-ல் ஏஎம்டி தனது 1 கிகாஹெர்ட்ஸ் அத்லானை அறிவித்தது. மார்ச் 8-ல் இன்டெல் 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-உடன் வந்து நின்றது. போட்டி சூட்டில் வந்த 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ல் கோளாறு. அதை ஆகஸ்டிலேயே இன்டெல் திரும்பப் பெற்றது.

பெரிய நம்பர், சின்ன வேலை

அதே நவம்பரில் வந்த பென்டியம் 4, வேலையை 20 குட்டிப் படிகளாகப் பிரித்தது. படி சின்னதானால் துடிப்பைக் கூட்டலாம். ஆனால், ஒரு துடிப்பில் முடியும் வேலை குறையும். அடுத்து என்ன வரும் என்ற கணிப்பு தப்பினால், பாதி செய்த வேலை எல்லாம் வீண். இதைச் சுட்டிக்காட்டத்தான் ஏஎம்டி, 2001-ல் 1.53 கிகாஹெர்ட்ஸ் சிப்புக்கு '1800+' என்று பெயர் வைத்தது.

வில்லன் யார்? சூடு!

துடிப்பைக் கூட்டினால் மின்சாரச் செலவு கூடும். அதைத் தாங்க மின்னழுத்தத்தையும் ஏற்றணும். மின்னழுத்தம் இரண்டு மடங்கானால் செலவு நான்கு மடங்கு. அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும். 31 படிகள் கொண்ட 2004 பென்டியம் 4, 3.8 கிகாஹெர்ட்ஸோடு நின்றது. 4 கிகாஹெர்ட்ஸ் திட்டத்தை இன்டெல் அந்த அக்டோபரில் கைவிட்டது.

2006-ல் வந்த கோர் 2 டுயோ, 3 கிகாஹெர்ட்ஸைக்கூடத் தொடவில்லை. ஆனாலும், பென்டியம் 4-ஐ ஓரம்கட்டியது. காரணம், இரண்டு கோர். ஒரு துடிப்பில் கூடுதல் வேலை.

அப்போ எதைப் பார்த்து வாங்குறது?

2023-ல் இன்டெல் 6 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது உண்மைதான். ஆனால், அது ஓரிரு கோர்கள் கொஞ்ச நேரம் மட்டும் எட்டும் உச்சம். மெல்லிய லேப்டாப்பில் சூடு ஏறினால் வேகம் தானாகக் குறையும். எனவே, பெட்டியில் இருக்கும் 'அதிகபட்ச கிகாஹெர்ட்ஸ்' எண்ணை மட்டும் நம்பாதீங்க. புராசசர் எந்தத் தலைமுறை, எத்தனை கோர், கூலிங் எப்படி என்று கேளுங்க. நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் அது எப்படி ஓடுகிறது என்று ரிவ்யூவில் பார்த்துவிட்டு, அப்புறம் பணத்தை எடுங்க.