மொமென்ட்: கணமா, திருப்புத்திறனா?

பள்ளியில் தமிழில் இயற்பியல் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் மாணவர்களை இடறிவிடும் ஆங்கிலச் சொற்களுள் 'மொமென்ட்' ஒன்று. அகராதியைப் புரட்டினால் 'கணம்' என்று இருக்கும். 'மொமென்ட் ஆஃப் ஃபோர்ஸ்' என்பதை 'விசை செயல்படும் கணம்' என எழுதிய விடைத்தாள்களைத் திருத்தியிருக்கிறேன். மாணவரைக் குறை கூறுவதற்கில்லை. பள்ளியில் அவர் நன்கறிந்த திருப்புத்திறன்தான் அது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இச்சொல்லின் மூலம் இலத்தீன். அசைத்தலைக் குறிக்கும் 'மொவேரே' என்பதிலிருந்து பிறந்தது 'மொமென்டும்'. அசைவு என்னும் பொருளோடு, தராசைச் சாய்க்கப் போதுமான சிறு எடை என்ற பொருளும் அதற்கு அம்மொழியிலேயே உண்டு. சமநிலையில் நிற்கும் தராசின் ஒரு தட்டில் குன்றிமணி ஒன்றை இடுங்கள்; முள் சாய்கிறதல்லவா? மற்றப் பொருள்கள் யாவும் இந்தச் சாய்விலிருந்து விளங்கும்.

சாய்க்கும் துணுக்கு மிகச் சிறிது. ஆகவே காலத்தின் சிறு துணுக்கும் அப்பெயர் பெற்றது. இங்கிலாந்துத் துறவி பீடு, 725ஆம் ஆண்டில் எழுதிய காலக்கணக்கு நூலில் ஒரு மணி நேரத்தை 40 மொமென்ட்டுகளாகப் பிரிக்கிறார். ஒன்றுக்கு 90 நொடி! (அக்கால மணி பகற்பொழுதைப் பன்னிரண்டாகப் பங்கிட்டது, பருவத்துக்கேற்ப நீளும், குறையும். எனவே 90 என்பது சராசரியே.) துணுக்கு சிறிதானாலும் தராசின் முடிவை மாற்றிவிடுகிறது, முக்கியமான செய்தியை ஆங்கிலேயர் 'பெரிய மொமென்ட் உடையது' என்பது இதனால்தான்.

இயற்பியலோ தராசை விடவே இல்லை. நெம்புகோலில் ஓர் எடை எவ்வளவு சாய்க்கும் என்பது அது தொங்கும் தொலைவையும் பொறுத்தது. இதைக் குறிக்கக் கலிலியோ 'மொமென்டோ' என்ற இத்தாலியச் சொல்லை ஆண்டார். அச்சிலிருந்து அரை மீட்டரில் செங்குத்தாகச் செயல்படும் 20 நியூட்டனும், ஒரு மீட்டரில் செயல்படும் 10 நியூட்டனும் ஒரே அளவே திருப்பும்: 10 நியூட்டன் மீட்டர். பின்னர் 1765இல் ஆய்லர், சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் பண்புக்கும் இப்பெயரை நீட்டினார். அதுவே நிலைமத் திருப்புத்திறன். இதில் தொலைவின் இருமடி வரும்.

நம் சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. வேலை செய்யும் வீதத்தையும் 'திறன்' என்கிறோமே! இலங்கைப் பாடநூல்களின் 'திருப்பம்' இன்னும் தெளிவு என்பது என் எண்ணம்.

அதே இலத்தீன் சொல், வடிவம் மாறாமல் ஆங்கிலத்தில் நுழைந்து 'மொமென்டம்' ஆயிற்று. நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் வரும் உந்தம் அது. உந்தத்துக்கும் திருப்புத்திறன் காணலாம். கோண உந்தம் என்று நாம் படிப்பது அதைத்தான். ஆங்கில நூல்களில் அதற்கு 'மொமென்ட் ஆஃப் மொமென்டம்' என்றும் பெயர் உண்டு.