சுரங்கத்துக்கு அப்பால் வெயில்

ஜூலை மாதத்தில் கொழும்பிலிருந்து பதுளைக்கு ரயிலில் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஹட்டன் தாண்டும்போது ஜன்னலைத் திறக்க முடியாது. சாரல் முகத்தில் அடிக்கும். தேயிலைச் சரிவெல்லாம் முகிலுக்குள் மறைந்து கிடக்கும். இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையமான பட்டிப்பொலையை (1,891 மீற்றர்) விட்டதும் ஒரு சுரங்கம். உள்ளே நுழையும்போது தூறல். வெளியே வந்தால், பல நாட்களில், பளிச்சென்று வெயில். மத்திய மாகாணம் முடிந்து ஊவா தொடங்கிவிட்டது.

65,610 சதுர கிலோமீற்றர் மட்டுமே கொண்ட தீவு இது. ஆனால் நடுவில் 2,524 மீற்றர் வரை மலை எழுந்து நிற்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு இந்த மலையில் ஏறியாக வேண்டும். ஏறும் காற்று விரிந்து குளிர்கிறது. ஈரம் முகிலாகி மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. வட்டவளைப் பக்கம் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். மன்னாரில் 1,000 கிடைத்தாலே பெரிது.

மழையை இறக்கிவைத்த காற்று அதோடு ஓய்ந்துவிடுவதில்லை. நீராவி துளியாகும்போது விட்ட வெப்பம் அந்தக் காற்றிலேயே தங்குகிறது. அதனால் முகிலுக்குள் ஏறும்போது கிலோமீற்றருக்கு 5 பாகை அளவே குளிர்கிறது. மறுபக்கம் வறண்டு இறங்கும்போதோ கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை சூடேறுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: புறப்பட்டபோது இருந்ததைவிடச் சூடாகத்தான் கீழே வந்து சேரும். மட்டக்களப்பில் இதற்குப் பெயர் கச்சான். அது வீசும் நாட்களில் உதடு வெடிக்கும், கொடியில் போட்ட துணி கண்மூடித் திறப்பதற்குள் காய்ந்துவிடும், வயலோரப் புல் கருகி நிற்கும்.

அதே காற்று பதுளை மலைகளுக்கு வரமாக அமைகிறது. ஜூலை தொடங்கி செப்டெம்பர் வரை அந்த வறட்சியில் கொழுந்து மெதுவாக வளர்ந்து வாசம் செறிகிறது. ஊவாத் தேயிலை பேர்பெற்றது இந்தப் பருவத்தால்தான். ஹட்டனை ஒட்டிய திம்புளைத் தோட்டங்களுக்கு அந்த நல்ல பருவம் வருவதோ ஜனவரி முதல் மார்ச் வரை. அடுத்தடுத்த மலைகள்தான், இடையில் ஆறு மாதம்!

கிழக்குக்கும் வடக்குக்கும் மழை என்றால் மாரிதான். ஒக்டோபரில் தொடங்கும் அந்த மழையை நம்பியே பெரும்போக நெல் விதைக்கப்படுகிறது. ஆகவே "இலங்கையில் மழைக்காலம் எது?" என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. மலைக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று முதலில் சொல்ல வேண்டும்.

ஈரவலயம், உலர்வலயம் என்று வரைபடத்தில் நிறம் தீட்டித்தான் நாங்கள் படித்தோம். கச்சான், வாடை, கொண்டல், சோளகம் என்ற பெயர்கள் பரீட்சைக்கு வரவில்லை. கடலுக்குப் போகிறவருக்கும் வயலில் நிற்கிறவருக்கும் திசையையும் காலத்தையும் ஒரே சொல்லில் சொன்ன பெயர்கள் அவை. என் கணிப்பில் காலநிலைப் பாடம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். உங்கள் வீட்டில் மூத்தவர்கள் இருந்தால், எந்த மாதம் எந்தக் காற்று என்று கேட்டு எழுதி வையுங்கள்.