குட்டியின் தாயைப் பார்த்தோமா?

பிறந்தநாளுக்கு ஒரு நாய்க்குட்டி வேண்டும் என்று அப்பாவிடம் கெஞ்சாதவர்கள் நம்மில் சிலரே. அதிலும் கைக்குள் அடங்கும் கலப்பினக் குட்டி என்றால் ஆசை இன்னும் பெருகுகிறது. வாங்குமுன் நாம் அறிய வேண்டியவை சில உண்டு.

இத்தகைய குட்டிகள் பெரிதும் விற்பனையாகும் நாடு இங்கிலாந்து. அங்கே காக்கர் ஸ்பேனியலையும் பூடிலையும் சேர்த்துக் 'காக்கபூ' என்றும், கேவலியர் ஸ்பேனியலையும் பூடிலையும் சேர்த்துக் 'கேவபூ' என்றும் வளர்க்கின்றனர். "கலப்பினம், நோயே அண்டாது" என்று சொல்லி விற்போரும் உளர். இது உண்மையா?

தனி இனங்களில் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடப்பதால் பரம்பரை நோய்கள் மிகுகின்றன. வேற்றினத்தோடு சேர்க்கும்போது அவற்றுள் சில குறையலாம். ஆனால் ஒரே நோய் இரண்டு இனங்களிலும் இருந்தால் கலப்பு உதவாது. விழித்திரை சிறிது சிறிதாக அழிந்து பார்வையைப் பறிக்கும் ஒரு நோய் காக்கரிலும் உண்டு, பூடிலிலும் உண்டு. அந்நோய்க்குரிய மரபணு ஒன்றை மட்டும் சுமக்கும் பெற்றோர் நலமாகவே இருக்கும். ஆயினும் அத்தகைய இரண்டும் சேர்ந்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் அந்நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பட்டாணிச் செடிகளைக் கொண்டு துறவி மெண்டல் காட்டிய விதி இதுவேயன்றோ! முழங்கால் சில்லு விலகுதலும் சிறிய இனங்கள் பலவற்றுக்குப் பொதுவான தொல்லையாகும். லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி 2024-இல் வெளியிட்ட ஆய்விலும், பெரும்பாலான நோய்களில் கலப்பினத்துக்கும் தனி இனத்துக்கும் வேறுபாடு காணப்படவில்லை.

நோயைவிட வருந்தத்தக்கது தாய்நாயின் நிலை. 2013-இல் வேல்ஸ் பகுதியின் குட்டிப் பண்ணை ஒன்றிலிருந்து லூசி என்னும் கேவலியர் நாய் மீட்கப்பட்டது. கூண்டில் அடைபட்டு, மீண்டும் மீண்டும் குட்டி ஈன்று, அதன் முதுகெலும்பே வளைந்திருந்தது. 2016-இல் அது இறந்தது. அதன் பெயரால் 2020 ஏப்ரலில் இங்கிலாந்தில் சட்டம் வந்தது. ஆறு மாதம் நிரம்பாத குட்டிகளை வியாபாரிகள் வேறிடத்தில் வாங்கி விற்பது அதனால் தடுக்கப்பட்டது.

நம் நாட்டிலும் 2017-இல் விதிகள் வகுக்கப்பட்டன. நாய் வளர்த்து விற்போர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது.

ஆனால் சட்டம் எல்லாக் கூண்டுகளையும் எட்டிப் பார்ப்பதில்லை. வாங்கும் நாமே பார்க்க வேண்டும். குட்டியைத் தாயோடு காட்டுமாறு கேட்போம். பெற்றோருக்குக் கண், முழங்கால், இதயப் பரிசோதனை நடந்ததா என்று வினவுவோம். காட்ட மறுத்தால் திரும்பிவிடுவோம். மெலிந்து நடுங்கும் குட்டியைக் கண்டு, "பாவம், நாமாவது வாங்கிக் காப்போம்" என்று மனம் இளகுவது இயல்பே. ஆனால் நாம் தரும் பணமே தாயை அடுத்த ஈற்றுக்கும் கூண்டில் வைக்கிறது.

நம் தெருவில் பிறந்த நாட்டுக்குட்டியும் அன்புக்கு ஏங்கி நிற்கிறது, அதற்கு விலையில்லை. எதை வளர்த்தாலும், ஓர் உயிரின் துன்பத்தில் நம் மகிழ்ச்சியைத் தேடாதிருப்போமாக!